வீட்டு வரவுசெலவுக்கு ஏஐ சாட்பாட்: கணக்கை அதனிடம் எப்படிக் கொடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஏஐ சாட்பாட்டைத் திறந்ததும் "என் பணத்தை எதில் போடலாம்?" என்று கேட்பது இயல்பு. ஆனால் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்றவை மிகக் குறைவாக உதவக்கூடிய கேள்வி அதுதான். சிதறிக் கிடக்கும் வரவுசெலவை வரிசைப்படுத்துவது, புரியாத கடன் பத்திரத்தைப் புரியும் தமிழில் விளக்குவது, இரண்டு வழிகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவது, நாம் கேட்க மறந்த கேள்விகளை நினைவூட்டுவது ஆகியவற்றில்தான் அவற்றின் உண்மையான பயன் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றே: சாட்பாட்டிடம் தீர்ப்பைக் கேட்காதீர்கள், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கையை விட்டுப் போகிறது, எந்தத் தேதியில் எவ்வளவு கைக்கு வருகிறது என்ற பட்டியலைப் போடச் சொல்லுங்கள். பட்டியல் சரியாக அமைந்துவிட்டால், தீர்ப்பை நீங்களே சொல்லிவிட முடியும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இந்தச் செயலிகள் இயங்கும் விதம். அவை ஏராளமான எழுத்துகளிலிருந்து கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே வாக்கியத்தை நீட்டுகின்றன. ஆகவே சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே தெளிவோடும் ஒரே உறுதியோடும் சொல்லும். பெருக்கல், கூட்டல், கூட்டுவட்டி ஆகியவற்றில் இந்தப் பலவீனம் அதிகம் வெளிப்படும். இப்போது பல சாட்பாட்களால் சிறிய கணினி நிரலை எழுதி, அதை இயக்கி, விடையைப் பெற்றுத் தர முடிகிறது. எனவே எண்கள் வரும் எந்தக் கேள்வியிலும் "நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், நிரல் எழுதி இயக்கிக் கணக்கிடு, பயன்படுத்திய சூத்திரத்தையும் காட்டு" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத செயலியாக இருந்தால், எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் நீங்களே இடக்கூடிய சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் நீக்க வேண்டியவை

வங்கி ஸ்டேட்மெண்டைப் பதிவிறக்கி அப்படியே ஏற்றிவிடுவது எளிது. ஆனால் அதைச் செய்யாதீர்கள். அந்தத் தாள்களில் உங்கள் பெயர், முகவரி, கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்கத் தவறுவது, யுபிஐ பரிவர்த்தனை வரிகளில் மற்றவர்களின் பெயரும் யுபிஐ முகவரியும், பல நேரங்களில் அவர்களுடைய கைப்பேசி எண்ணும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை. பால்காரர், வீட்டு வேலைக்கு வருபவர், வாடகை வாங்கும் உரிமையாளர், கைமாற்றுக் கொடுத்த உறவினர் என எல்லோருடைய விவரத்தையும் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய் வைக்க நமக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டேட்மெண்டை எக்செல் வடிவில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வங்கிகள் இணையவழிக் கணக்கில் இந்த வசதியைத் தருகின்றன. தேதி, பற்று, வரவு, இருப்பு ஆகிய நான்கு பத்திகளை விட்டுவிட்டு மற்றவற்றை அழியுங்கள். விவரப் பத்திக்குப் பதிலாக "மளிகை", "வாடகை", "பெட்ரோல்", "அம்மாவுக்கு" என்று ஓரிரு சொற்களை நீங்களே இடுங்கள். முதல் முறை இதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகலாம்; ஆனால் அந்த மாலையில் உங்கள் செலவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது, பின்னால் எந்தச் சாட்பாட் சொல்லப்போவதையும் விட அதிகமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆதார் எண், பான் எண், அட்டை எண், அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கம், ஓடிபி, யுபிஐ பின், வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தட்டச்சு செய்யக் கூடாது. படிவம் 16, வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை, கடன் தகவல் அறிக்கை ஆகியவற்றிலும் பான் எண் இருக்கும். எனவே அவற்றின் கோப்பையோ படத்தையோ ஏற்றாமல், தேவையான எண்களை மட்டும் எடுத்து எழுதுங்கள். மேலும், செயலியின் அமைப்புகள் பகுதியில் உங்கள் உரையாடலை மாடலின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சேமிக்கப்படாத தற்காலிக உரையாடல் வசதி இருந்தால் பணம் பற்றிய பேச்சுக்கு அதையே பயன்படுத்துங்கள். இந்தத் தேர்வுகளின் பெயரும் இடமும் அவ்வப்போது மாறுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்வது நல்லது. பிரபலமான சாட்பாட்களின் பெயரை ஒத்த போலிச் செயலிகளும் உலவுவதால், அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே தொடங்குங்கள்.

மூன்று மாதக் கணக்கைப் படிக்க வைப்பது

ஒரு மாதக் கணக்கு உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று மாதம் இருந்தால் வழக்கமான செலவு தெரியும்; பன்னிரண்டு மாதம் இருந்தால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, காப்பீட்டுத் தவணை, வண்டி சர்வீஸ் போன்றவையும் தெரியவரும். முதல் கேள்வியிலேயே உங்கள் சூழலைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், அது அமெரிக்கக் குடும்பத்துக்குப் பொருந்தும் ஓய்வூதியக் கணக்குகளையும் வரிச் சலுகைகளையும் பேசத் தொடங்கிவிடக்கூடும். கேள்வி இப்படி அமையலாம்:

"நான் தமிழ்நாட்டில் வசிக்கிறேன். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், உடன் வாழும் தாய் ஆகியோர் கொண்ட குடும்பம். எல்லாத் தொகையும் இந்திய ரூபாயில். எண்களை லட்சம், கோடி முறையில் எழுது. கீழே மூன்று மாத வரவுசெலவு இருக்கிறது. முதலில் எத்தனை வரிகள் இருக்கின்றன, மொத்த வரவு எவ்வளவு, மொத்தப் பற்று எவ்வளவு என்று மட்டும் சொல். நான் சரி என்ற பிறகே வகைப்படுத்து. எந்த வரி எந்த வகையில் சேரும் என்று ஐயம் வந்தால் ஊகிக்காமல் என்னிடம் கேள்."

வரிகளின் எண்ணிக்கையை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீண்ட பட்டியலைக் கொடுக்கும்போது சாட்பாட் நடுவில் சில வரிகளை விட்டுவிடக்கூடும். விட்டுவிட்டதாகச் சொல்லவும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கப் பழைய கணக்குப்பிள்ளை முறை ஒன்றே போதும்: தொடக்க இருப்புடன் மொத்த வரவைக் கூட்டி, மொத்தப் பற்றைக் கழித்தால், இறுதி இருப்பு வர வேண்டும். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் மேலே போகாதீர்கள்.

வகைப்படுத்தும்போது மூன்று பிழைகள் வழக்கமாக நுழையும். உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணம் செலவாக எண்ணப்படும். கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளும், பிறகு அந்தக் கார்டுக்குக் கட்டிய தொகையும் இரண்டு செலவுகளாகச் சேர்ந்துவிடும். ஏடிஎம்மில் எடுத்த பணம் எங்கே போனது என்பது தாளில் இல்லாததால் "இதர செலவு" என்ற பெயரில் மறைந்துவிடும். முதல் இரண்டையும் விலக்கும்படி சாட்பாட்டிடம் நேரடியாகச் சொல்லலாம். மூன்றாவதை உங்களால்தான் நிரப்ப முடியும்.

மொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாட்பாட் அதைப் "பரிசு" என்ற வகையில் போட்டுவிட்டு, செலவைக் குறைக்க வேண்டுமானால் முதலில் பரிசைக் குறையுங்கள் என்று அறிவுரை சொல்லும். நம் ஊர்களில் மொய் என்பது வாங்கியதற்குத் திரும்பச் செய்வது. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதி வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆகவே அதைக் கடன் திருப்பும் வகையில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மொய் நோட்டைப் பார்த்து, வரும் ஆண்டில் எந்தெந்த வீடுகளில் விசேஷம் வரக்கூடும், தோராயமாக எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்று பெயரில்லாமல் தொகையை மட்டும் கொடுத்தால், அதை மாதவாரியாகப் பிரித்து ஒதுக்கித் தரும்.

கடன்: சாட்பாட் உண்மையாகவே கைகொடுக்கும் இடம்

தனிநபர் கடனோ வண்டிக் கடனோ வாங்கும்போது "வட்டி 12 சதவீதம்தான்" என்று சொல்லப்பட்டால், அது முழுத்தொகைக்குமான நிலையான வட்டியா, குறைந்துவரும் இருப்புக்கான வட்டியா என்று கேட்க வேண்டும். 1 லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுகளுக்கு 12 சதவீத நிலையான வட்டியில் வாங்கினால், வட்டி 36,000 ரூபாய்; 36 தவணைகளாகப் பிரித்தால் மாதம் சுமார் 3,778 ரூபாய். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழு 1 லட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. குறைந்துவரும் இருப்பின்படி கணக்கிட்டால் அதே கடனின் வட்டி ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம். கடன் தொகை, மாதத் தவணை, தவணைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சாட்பாட்டிடம் கொடுத்து, "குறைந்துவரும் இருப்பு முறையில் ஆண்டு வட்டி எவ்வளவு?" என்று கேட்டால் போதும். செயலாக்கக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் முதலிலேயே பிடித்துக்கொண்டால், கைக்கு வந்த தொகையையே கடன் தொகையாகச் சொல்ல வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களில் முக்கிய விவரங்களின் அறிக்கை ஒன்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள வாசகங்களைப் பெயர், எண் நீக்கிச் சாட்பாட்டுக்குக் கொடுத்து, "இந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பாதகமான நிபந்தனைகள் எவை, தவணை தவறினால் என்னென்ன கட்டணம் வரும், முன்கூட்டி அடைத்தால் என்ன ஆகும் என்று தமிழில் விளக்கு; ஒவ்வொன்றுக்கும் அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டு" எனக் கேளுங்கள். வரியைக் காட்டச் சொல்வது முக்கியம். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை அது சேர்த்துச் சொன்னால் அப்போதே பிடிபட்டுவிடும்.

வீட்டுக் கடனில் பலன் இன்னும் பெரியது. 30 லட்சம் ரூபாய், 8.5 சதவீதம், 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் சுமார் 62.5 லட்சம். சாட்பாட் சொல்லும் அட்டவணை சரியா என்று பார்க்க முதல் மாத வட்டியைக் கையால் போட்டுப் பார்க்கலாம்: 30 லட்சத்துக்கு 8.5 சதவீதம் 2,55,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 21,250. முதல் தவணையில் அசலுக்குப் போவது வெறும் 4,785 ரூபாய். அட்டவணையின் முதல் வரியில் இந்த எண்கள் இல்லாவிட்டால் மற்ற வரிகளையும் நம்ப வேண்டாம்.

அது சரியாக வந்த பிறகு, "தவணையை 29,000 ரூபாயாக உயர்த்தினால் கடன் எப்போது முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். 240 மாதங்களுக்குப் பதிலாகச் சுமார் 187 மாதங்களில் முடியும். வட்டியில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. ஆனால் மாதம் கூடுதலாகப் போகும் 2,965 ரூபாயை வீட்டின் அவசரத் தேவைக்கு ஒதுக்க வேண்டுமா, கடனில் போட வேண்டுமா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. வேலை எவ்வளவு நிலையானது, வீட்டில் யாருக்கு என்ன உடல்நலக் குறை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் மற்ற எல்லாத் திட்டங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் எடுங்கள். மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காமல் போகும்.

ஏலச்சீட்டும் பழைய பாலிசியும்

ஏலச்சீட்டைப் பற்றிச் சாட்பாட்டிடம் கேட்கும்போதுதான் தீர்ப்புக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். எனவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

10 பேர், 10 மாதம், 1 லட்சம் ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவரின் கமிஷன் மாதம் 5,000 ரூபாய். முதல் மாதம் ஒருவர் 25,000 தள்ளி (அதாவது விட்டுக்கொடுத்து), 75,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். கமிஷன் போக மீதி 20,000 பத்துப் பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஒவ்வொருவரும் 8,000 ரூபாய் கட்டினால் போதும். மாதந்தோறும் தள்ளும் தொகை 2,000 ரூபாய் குறைந்துகொண்டே போய், ஒன்பதாம் மாதம் 9,000 ஆகி, கடைசி மாதம் கமிஷன் மட்டும் பிடிக்கப்படுகிறது என்றால், கட்ட வேண்டிய தவணைகள் 8,000, 8,200, 8,400 என உயர்ந்து, ஒன்பதாம் மாதம் 9,600, பத்தாம் மாதம் 10,000 என்று முடியும். ஒருவர் கட்டும் மொத்தம் 89,200 ரூபாய்.

இப்போது "முதல் மாதமே எடுத்தால் எனக்கு எவ்வளவு வட்டி?" என்று வெறுமனே கேட்டால், 75,000 வாங்கி 89,200 கட்டுகிறீர்கள், வேறுபாடு 14,200, அதாவது ஏறக்குறைய 19 சதவீதம் என்ற விடை வரக்கூடும். பார்வைக்கு நியாயமாகத் தெரியும் இந்த விடை முற்றிலும் தவறு. எடுத்த அன்றே முதல் தவணை 8,000 போய்விடுவதால் கையில் நிற்பது 67,000 ரூபாய்தான். அதையும் ஓராண்டு வைத்திருப்பதில்லை. அடுத்த மாதமே திருப்பத் தொடங்கி, ஒன்பது மாதங்களில் 81,200 ரூபாயாகக் கட்டி முடிக்கிறார். தேதி வாரியாகப் பட்டியலிட்டுக் கணக்கிட்டால் வட்டி மாதத்துக்குச் சுமார் 3.9 சதவீதம்; ஆண்டுக்கு 47 சதவீதம் அளவுக்கு வரும். அதே சீட்டில் கடைசிவரை காத்திருந்து 95,000 ரூபாய் வாங்குபவருக்கு, 89,200 கட்டி 5,800 லாபம், அதாவது ஆறரை சதவீதம் என்று மேலோட்டமான விடை சொல்லும். பணம் மாதாமாதம் சிறுகச் சிறுகத்தான் போனது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது மாதம் சுமார் 1.45 சதவீதம், ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல். எடுத்தவரின் சுமையும், காத்திருந்தவரின் வருவாயும் மேலோட்டமான கணக்கில் ஒருசேர மறைந்துவிடுகின்றன.

ஆகவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "மாதம் ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொரு மாதமும் நான் கட்டுவது இவ்வளவு, எனக்கு வருவது இவ்வளவு. வருவதைக் கூட்டலாகவும் போவதைக் கழித்தலாகவும் வைத்து மாதவாரியான நிகரத் தொகையைப் பட்டியலிடு. பிறகு அதற்கு உள்ளார்ந்த வட்டி வீதத்தைக் கணக்கிடு." எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதற்கு ஐஆர்ஆர் (IRR) என்ற சூத்திரம் இருக்கிறது. சாட்பாட் தந்த நிகரத் தொகைகளை ஒரு பத்தியில் ஒட்டி அந்தச் சூத்திரத்தை நீங்களே இட்டுப் பார்த்தால், இரண்டு விடைகளும் பொருந்துகின்றனவா என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சதவீதத்துக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. நடத்துபவர் பாதியில் காணாமல் போனால் 17 சதவீதம் என்ற எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று தமிழ்நாட்டில் பதிவுத் துறையின் வழியாக உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தத் தகவலைச் சாட்பாட்டிடம் கேட்காதீர்கள். அது தெரியாமலேயே "ஆம்" என்று சொல்லிவிடக்கூடும்.

பழைய சேமிப்புப் பாலிசிகளுக்கும் இதே முறைதான். ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் கட்டி, இருபதாம் ஆண்டின் முடிவில் 17,36,000 ரூபாய் கிடைக்கும் என்றால், 10 லட்சம் கட்டி 17 லட்சத்துக்கு மேல் வாங்குவது பெரிய லாபமாகத் தோன்றும். ஆண்டுவாரிப் பட்டியல் அதை 5 சதவீதம் என்று காட்டும். அந்த 5 சதவீதத்தில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் குடும்பத்துக்குத் தேவையான அளவு காப்பீடு அதில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பாலிசியை நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் முன், இன்று சரண் செய்தால் கிடைக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பெற்று, இனிக் கட்டப்போவதையும் இனி வரப்போவதையும் மட்டும் வைத்து இன்னொரு பட்டியல் போடச் சொல்லுங்கள்.

வரி: பழைய விடைகள் புதிய உடையில்

வரி, வட்டி, அரசு விதி ஆகியவற்றில் சாட்பாட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது மிக ஆபத்தானது. அதன் அறிவு ஒரு குறிப்பிட்ட தேதியோடு நின்றுவிடுகிறது. ஆனால் அது நிகழ்காலத்திலேயே பேசும். புதிய வரி முறையில் 7 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று 2023-24, 2024-25 நிதியாண்டுகளுக்காக எழுதப்பட்ட கட்டுரைகள் அதன் பயிற்சியில் நிறைந்திருக்கும். 2025-26 நிதியாண்டில் அந்த வரம்பு 12 லட்சமாக உயர்ந்தது. 75,000 ரூபாய் நிலையான கழிவோடு சேர்த்தால், சம்பளம் மட்டுமே வாங்குபவருக்கு 12.75 லட்சம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி வீத வருமானத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதையும் சாட்பாட் சொல்லாமல் விடலாம். அதைவிடப் பெரிய மாற்றம், 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நமக்குப் பழகிய 80சி போன்ற பிரிவு எண்கள் அதில் மாறிவிட்டன. அதேபோல், தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. சாட்பாட் போட்டுத் தரும் பிரீமியக் கணக்கில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எனவே வரிக் கேள்வியில் நிதியாண்டைக் குறிப்பிட்டு, இணையத்தில் தேடி அதிகாரபூர்வ அரசுத் தளத்தின் இணைப்போடு விடை தரச் சொல்லுங்கள். பிறகு அந்த இணைப்பைத் திறந்து படியுங்கள். பழைய முறையா, புதிய முறையா என்று ஒப்பிட வருமான வரித் துறையின் தளத்திலேயே கணக்கிடும் வசதி இருக்கிறது. சாட்பாட் போட்ட கணக்கும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களின் வட்டியை மத்திய நிதியமைச்சகம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 2020 ஏப்ரல் முதல் நீண்ட காலம் 7.1 சதவீதமாகவே நீடித்தது என்பதால் அது நிரந்தரம் என்று பொருளல்ல. வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் என்பது 2020 பிப்ரவரி 4 முதல் உள்ள விதி. சாட்பாட் பழைய 1 லட்சத்தைச் சொன்னால் அதன் மற்ற விடைகளையும் அதே ஐயத்தோடு பாருங்கள்.

முதலீட்டுக் கேள்விகளை எப்படிக் கேட்பது

எந்தப் பங்கை வாங்கலாம், எந்த ஃபண்ட் அதிகம் வளரும் என்ற கேள்விக்குச் சாட்பாட்டிடம் விடை இல்லை, இருப்பதுபோல் பேசும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதைக் கேள்வியிலேயே காட்டிவிட்டால், அதுவும் அந்தப் பக்கமே சாயும். "தங்கத்தில் போடுவது நல்லதுதானே?" என்றால் நல்லது என்பதற்குக் காரணங்கள் வரும், "தங்கத்தில் போடுவது தவறுதானே?" என்றாலும் காரணங்கள் வரும். இதற்கு ஒரு வழி, உங்கள் முடிவை வேறொருவருடைய முடிவாக எழுதி, "இந்தத் திட்டம் தோல்வியடைந்தால் என்ன காரணத்தால் தோல்வியடையும்?" என்று கேட்பது. நகைச்சீட்டு, மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை, நிலம் என எதற்கும் இது பயன்படும். வேலை போனால் தவணை என்னாகும், பணம் உடனே தேவைப்பட்டால் எத்தனை நாளில் கைக்கு வரும், விற்கும்போது எவ்வளவு கழியும் என்று நாம் எண்ணிப் பார்க்காத கேள்விகளை அது எழுப்பும். அந்தக் கேள்விகளின் விடைகளைத் தேடுவது உங்கள் வேலை.

பெரிய தொகையாக இருந்தால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடமோ, வரி விஷயமானால் பட்டயக் கணக்காளரிடமோ போங்கள். சாட்பாட்டின் அறிவுரையால் நட்டம் வந்தால் பதில் சொல்ல யாரும் இல்லை. பதிவு பெற்ற ஆலோசகர் சட்டப்படி பொறுப்பானவர். அவரிடம் போகும் முன் உங்கள் நிலைமையை ஒரு பக்கத்தில் சுருக்கவும், கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை வரிசைப்படுத்தவும் சாட்பாட்டைப் பயன்படுத்தினால், கட்டணம் கொடுத்துப் பெறும் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

மாதாந்திர வழக்கமாக ஆக்குவது

சாட்பாட்டின் நினைவை நம்பி உங்கள் கணக்கை அதற்குள் வைக்காதீர்கள். உரையாடல் நீண்டுகொண்டே போனால் முன்பு சொன்ன எண்களை அது தவறவிடும். உங்கள் கணினியிலோ ஒரு நோட்டிலோ ஒரே பக்கத்தில் இவற்றை வையுங்கள்: மாத வரவு, நிலையான செலவுகள், கடன்களின் இருப்பும் வட்டியும் தவணையும், சேமிப்பின் இருப்பு, வரும் ஆறு மாதங்களின் பெரிய செலவுகள். மாதம் ஒருமுறை அதைப் புதுப்பித்து, புதிய உரையாடலில் பெயரில்லாமல் ஒட்டி, "சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியிருக்கிறது, அடுத்த மூன்று மாதங்களில் எந்த மாதம் பணம் இறுக்கமாக இருக்கும்?" என்று கேளுங்கள். தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களையும் இந்தச் சமயத்தில் தேடச் சொல்லலாம். யுபிஐ வழியாகத் தானாகப் போகும் தவணைகளை அதே யுபிஐ செயலியில் பார்த்து நீக்கிவிட முடியும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் தகவல் அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2017 ஜனவரி முதல், சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது அதில் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைச் சாட்பாட்டிடம் கேட்டு அழைக்காதீர்கள். இணையத்தில் பரவியுள்ள போலி எண்களை அது உண்மை என்று எடுத்துத் தரக்கூடும். அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்ட எண்ணே சரியானது. ஐயமூட்டும் குறுஞ்செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், வாசகத்தை மட்டும் ஒட்டி "இதில் மோசடிக்கான அறிகுறிகள் என்ன?" என்று கேட்பது நல்ல பழக்கம். ஆனால் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் சாட்பாட்டோடு பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அடுத்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்கு முன் தடுத்து நிறுத்த அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம்.